நிபுணருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?

ஆசிரியருக்கு,

'நிபுணர் குழு பரிந்துரைத்துவிட்டது' என்ற ஒரு வரியோடு இங்கே பல விவாதங்கள் முடிந்துவிடுகின்றன. பூச்சியைத் தாங்கும்படி மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்காய் விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். 2010 பிப்ரவரியில் அதைப் பயிரிடுவதை நிறுத்திவைத்த அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், நாட்டின் ஆறு அறிவியல் கழகங்களிடம் கருத்துக் கேட்டார். குறைந்த அளவில் பயிரிட அனுமதிக்கலாம் என்று அறிக்கை வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அதில் சில வரிகள் ஏற்கெனவே வெளியான ஓர் ஆதரவுக் கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை என்று. கட்டுரையை எழுதியவரோ, பி.டி. கத்தரி ஆய்வில் தாமே ஈடுபட்ட விஞ்ஞானி! அமைச்சர் அந்த அறிக்கையை ஏற்கவில்லை.

துறை தெரிந்தவருக்குத் துறையோடு தொடர்பு இருக்கத்தான் செய்யும், அது குற்றமில்லை. மறைப்பதுதான் சிக்கல். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவுத் தரத்தைக் கண்காணிக்கும் ஆணையத்தின் அறிவியல் குழுக்களில் சுயேச்சையான நிபுணர்களே இருக்க வேண்டும் என்கிறது. அப்படியிருந்தும் அவற்றில் உணவு நிறுவனங்களின் ஆட்கள் உட்கார்ந்திருந்ததால், 2011இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

ஒவ்வொரு குழு அறிக்கையின் முதல் பக்கத்திலும் உறுப்பினர்கள் வாங்கிய ஆய்வு நிதி, ஆலோசனைக் கட்டணம், வைத்திருக்கும் பங்குகள் ஆகியவற்றை அரசு அச்சிடட்டும். படித்துவிட்டு நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

- ஒரு வாசகர், கும்பகோணம்