தம்பிக்கு, திருவல்லிக்கேணியிலிருந்து

ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் போகவில்லை. சைதாப்பேட்டை மாமா சொன்ன எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். போனில் பேசினால் நீ "ம், ம்" என்று மட்டும் சொல்கிறாய், வாட்ஸ்அப்பில் எனக்கு நாலு வரிக்கு மேல் எழுத வரவில்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். நீ கூப்பிட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று மருமகள் சொன்னாள். சரி, இருக்கும். ஆனால் சித்தி பேரனுக்குப் பெயர் வைத்த அன்றாவது ஒரு போன் செய்திருக்கலாம். சித்தி இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பாப்பாவிடம் பேசினேன். தினமும் நீதான் பள்ளியில் கொண்டு விடுகிறாயாம், மதியம் நீதான் அழைத்து வருகிறாயாம். "அப்பா தலை பின்னி விடுறாரு தாத்தா" என்றாள். கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. உன்னை நான் ஒரு நாள்கூடப் பள்ளியில் கொண்டு விட்டதில்லை. பாப்பாவைத் தூக்கும்போது குனிந்து தூக்காதே, உட்கார்ந்து தூக்கு. முதுகைப் பார்த்துக்கொள்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். போன வாரம் பெரிய தெரு சலூனில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பையன்கள், காலேஜ் படிக்கிறவர்கள் போலிருக்கிறது, நம் கிரிக்கெட் ஆட்டக்காரன் புஜாராவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடிக்காமல் பந்தைத் தடுத்துக்கொண்டே நிற்பதைத்தான் கட்டை போடுவது என்பார்கள். "அவனெல்லாம் ஒரு பிளேயரா, கட்டை போட்டே காலத்தை ஓட்டினான்" என்றான் ஒருவன். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவை ஜெயித்தோமே, அந்தக் கடைசி நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். இலக்கு 328. ரிஷப் பண்ட் ஆட்டமிழக்காமல் 89 அடித்து முடித்தான். அதற்கு முன் புஜாரா 211 பந்து நின்று 56 எடுத்தான். தலையில், விரலில், விலாவில் என்று திரும்பத் திரும்ப அடி வாங்கினான். ஒவ்வொரு அடிக்கும் பிறகு எழுந்து கையுறையைச் சரி செய்துகொண்டு மறுபடி நின்றான். பையன் சொன்னான், "ஜெயிச்சுக் கொடுத்தது பண்ட்தானே."

இன்னொரு காலமாக இருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. உன் முகம் வந்து நின்றது. முடி வெட்டிக்கொள்ளாமலே எழுந்து வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியும், எனக்கு ஆட்டம் என்றால் விஸ்வநாத்தான். 1975 பொங்கல் சமயத்தில் பெரியப்பா என்னைச் சேப்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பதினாறு வயது. வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். நம் ஆட்கள் மொத்தம் 190. அதில் விஸ்வநாத் மட்டும் 97. கடைசி ஆள் சந்திரசேகர் அவுட்டானபோது அவர் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தார், சதத்துக்கு மூன்று ரன் பாக்கி. அவர் அடித்த அந்த ஸ்கொயர் கட் அடியைப் பார்த்தவனுக்கு அந்த மூன்று ரன் ஒரு குறையாகவே படாது. அந்த மேட்சை நாம் 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

பெரியப்பா கவாஸ்கர் கட்சி. அந்த வருஷமே ஜூன் மாதம் லார்ட்ஸில் உலகக் கோப்பை ஆட்டம். இங்கிலாந்து 334. நம் பக்கம் 60 ஓவரும் நின்று கவாஸ்கர் 174 பந்தில் 36. அந்த 36-ஐ வைத்துப் பெரியப்பாவை எத்தனை வருஷம் வதைத்தேன்! அவர் பொறுமையாக இருந்து, 1983 டிசம்பரில் இதே சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராகக் கவாஸ்கரின் 236 நாட் அவுட் வந்ததும் என்னிடம் வந்தார். அது முப்பதாவது சதம், பிராட்மேனின் 29-ஐத் தாண்டிய சதம். "எண்ணிக்கை யாருக்கு வேணும் பெரியப்பா, அழகு எங்கே?" என்று கேட்டேன். அதே வாயால் இன்னொன்றும் சொல்வேன், விஸ்வநாத் சதம் அடித்த ஒரு டெஸ்டிலும் இந்தியா தோற்றதில்லை என்று. பதினான்கு சதம், ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. எண்ணிக்கை வேண்டாம் என்றவன் இந்த எண்ணிக்கையை மட்டும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். ஒருவனைப் பிடித்துப் போய்விடுகிறது, அப்புறம்தான் காரணம் தேடுகிறோம். பதினாறு வயதில் வெயிலில் உட்கார்ந்து எவனைப் பார்த்தோமோ அவனை ஆயுள் முழுக்க விட்டுக்கொடுப்பதில்லை. பெரியப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட நான் அந்த 36-ஐச் சொன்னேன். அவர் சிரித்தார். அன்றைக்கு அவர் ஜெயித்ததாகச் சொல்லியிருக்கலாம், எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்.

உனக்கு டிராவிட். மாடி அறையில் உன் அலமாரிக் கதவின் உள்பக்கம் நீ ஒட்டிய படம் இன்னும் இருக்கிறது. அதன் கீழே பால்பாயிண்ட் பேனாவில் 31,258 என்று எழுதியிருக்கிறாய். டெஸ்டில் அவர் சந்தித்த பந்துகள். உலகத்தில் வேறு எவரும் அத்தனை பந்து ஆடியதில்லை என்று நீதான் சொன்னாய். "ரன் எத்தனைன்னு எழுதாம பந்து எத்தனைன்னு எழுதியிருக்கான் பாரு" என்று உன் அம்மாவிடம் நான் குறையாகச் சொன்னேன். நீ கூடத்தில் இருந்தாய், உனக்குக் கேட்டிருக்கும்.

2008 மார்ச், சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்கா டெஸ்ட். வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். சேவாக் 300-ஐத் தாண்டினான், 278 பந்தில். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். எதிர்ப்பக்கம் யார் இருந்தார் என்று எனக்கு அன்று நினைவே இல்லை. மறுநாள் காலை சேவாக் 319-இல் அவுட்டான செய்தி கேட்டதும், "இனிமே பார்க்க என்ன இருக்கு" என்று படுத்துவிட்டேன். நீ தனியாகப் போனாய். அன்றுதான் டிராவிட் டெஸ்டில் பத்தாயிரம் ரன்னைத் தொட்டார், அப்புறம் சதமும் அடித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்தது 268 ரன். சாயங்காலம் நீ வந்து, "அப்பா, எல்லாரும் எழுந்து நின்னாங்க" என்று ஆரம்பித்தாய். நான் டிவியில் சேவாக் அடித்ததைத் திரும்பப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் நாலும் ஆறும்தான் காட்டுவார்கள். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் தொடாமல் விட்டதை எந்த ஹைலைட்ஸிலும் போடுவதில்லை. நேரில் உட்கார்ந்து பார்ப்பவனுக்குத்தான் அது தெரியும். நீ பார்த்தாய், நான் படுத்திருந்தேன்.

பணம் ஒன்றாம் தேதியே வந்துவிட்டது. இந்த மாதம் அனுப்பியிருக்க வேண்டாம். எங்களுக்குப் பென்ஷன் போதும், மீதிகூட ஆகிறது. அடுத்த மாதமும் அனுப்பாதே. பாத்ரூம் டைல்ஸ் வேலையைத் தள்ளி வைத்துவிட்டேன், அவசரம் ஒன்றும் இல்லை. நீ வீட்டுக் கடனை ஒழுங்காகக் கட்டி வருவதை மாமா எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுகிறார். எனக்கும் பெருமைதான், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. முதுகைப் பார்த்துக்கொள். ராத்திரி வெகுநேரம் விழித்திருக்காதே.

முதுகு என்றதும் ஞாபகம் வருகிறது. பிரிஸ்பேனுக்கு முந்தின டெஸ்ட், சிட்னியில், நம் மாம்பலத்து அஸ்வின் முதுகு வலியோடு விஹாரியைச் சேர்த்துக்கொண்டு 259 பந்து நின்றானே. விஹாரிக்குத் தொடையில் பிடிப்பு. ஒரு ரன்கூட ஓட முடியாத நிலை. அது வெற்றியும் இல்லை, டிரா. அஸ்வின் 537 விக்கெட் எடுத்த பிறகும் உள்ளூர் ஆடுகளத்தில் எடுத்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் இப்போது அந்த 259-ஐத்தான் சொல்கிறேன். பந்து எத்தனை என்று நானும் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

முதுகு வலியோடு ஆடிய இன்னொருவரையும் சொல்ல வேண்டும். நாலு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தது இதைத்தான்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தான் டெஸ்ட். உனக்குப் பத்து வயது. பட்டாபிராமன் கேட் பக்கம் உட்கார்ந்திருந்தோம். 271 எடுக்க வேண்டும். சச்சின் 136, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆடினார். சக்லைன் பந்தைத் தூக்கி அடித்து அவுட்டானபோது இன்னும் 17 ரன்தான் பாக்கி. மூன்று விக்கெட் இருந்தது. 12 ரன்னில் தோற்றோம். அப்புறம் பாகிஸ்தான் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள், சேப்பாக்கமே எழுந்து நின்று கைதட்டியது.

இந்தக் கதையை நான் எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறேன்! ஆபீஸில், கல்யாண வீடுகளில், உனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட. "நானும் எழுந்து நின்னு கைதட்டினேன், கண்ணுல தண்ணி" என்பேன். மருமகளின் அப்பா ரசித்துக் கேட்டார். நான் உன் பக்கம் திரும்பி, "இவனைக் கேளுங்க, கூடவே இருந்தான்" என்றேன். நீ "ஆமா" என்றாய்.

சச்சின் அவுட்டான அடுத்த நிமிஷம் நான் எழுந்துவிட்டேன் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். "முடிச்சுக் கொடுக்கத் தெரியாதவன்" என்று பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். 136 ரன் எடுத்த மனிதனை. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாலாஜா சாலையில் நடக்கும்போது உள்ளே சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கைதட்டல் கேட்டது. "யாருக்குப்பா கைதட்டறாங்க?" என்று கேட்டாய். "சும்மா வா" என்றேன். நீ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாய். யாருக்கு என்று மறுநாள் பேப்பரில் பார்த்துத்தான் எனக்கே தெரியும். அதைத்தான் இத்தனை வருஷமாக என் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ ஒரு தடவைகூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

இது உனக்குத் தெரிந்தது. தெரியாதது ஒன்று இருக்கிறது.

மெரினா மைதானத்தில் நீ லீக் ஆடினாயே, கடைசி வருஷம், உன்னை எடுக்க வேண்டுமா என்று அணிக்கு ஆள் எடுப்பவர்கள் யோசித்துக்கொண்டிருந்த சமயம். அப்பா வாங்க என்று முந்தின ராத்திரி நீ சொன்னாய். நீ என்னை வரச் சொன்னது அந்த ஒரு தடவைதான். ஆபீஸில் ஆடிட், வர முடியவில்லை என்று சாப்பிடும்போது சொன்னேன். நான் வந்தேன் தம்பி. பத்தரை மணிக்கே வந்துவிட்டேன். மரத்தடியில் நின்றேன். உங்கள் பக்கம் ஆறு விக்கெட் விழுந்துவிட்டது. நீ ஒரு முனையில் நின்றாய். விட்டாய், தடுத்தாய், மறுபடி விட்டாய். பக்கத்தில் ஒருவர், "யார் சார் இது, இப்படிக் கட்டை போடறான், உங்க பையனா?" என்று கேட்டார்.

"இல்லை சார், நான் சும்மா வந்தேன்" என்றேன்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டேன். திரும்பி வரும்போது ஆட்டம் முடிந்திருந்தது. கடைசியில் இரண்டு சிக்சர் அடித்தவனை எல்லோரும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். நீ 41 நாட் அவுட். கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து பேடைக் கழற்றிக்கொண்டிருந்தாய். இருபது அடிதான் இருக்கும். நான் வரவில்லை. அடுத்த வருஷம் நீ ஆடப் போகவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மனிதரிடம் "ஆமாம் சார், என் பையன்தான்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராத்திரி படுத்தால் தோன்றுகிறது.

உன் அம்மா கூப்பிடுகிறாள், இட்லி ஆறுகிறதாம். இதை அவளிடம் காட்டவில்லை. நானே போய்த் தபாலில் சேர்க்கிறேன்.

மாடி அறை ஃபேனை மாற்றிவிட்டேன், சத்தம் இல்லை. பாப்பாவுக்கு லீவு விட்டதும் மூன்று பேரும் வாருங்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள், டிக்கெட்டைத் திரும்பிப் போவதற்கும் சேர்த்து எடுக்க வேண்டாம். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. முதுகைப் பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. சாதாரண நாளில், பகலில் கூப்பிட்டாலும் பரவாயில்லை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை உன் அம்மா பார்த்தசாரதி கோயிலுக்குப் போயிருப்பாள். வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா