மாப்ளைக்கு, உச்சிப்புளியிலிருந்து

மாப்ள,

நல்லா இருக்கிறாயா? இங்கே கண்மாயில் பாதிக்குத் தண்ணீர் நிற்கிறது. அம்மா உன்னை விசாரித்தது.

போன லீவில் நீ விட்டுப்போன ஸ்டாக்ஹோம் காட்டு மேப்தான், மேப்பும் காம்பஸும் வைத்து வழி கண்டுபிடித்து ஓடுகிற உங்கள் ஓரியன்டீரிங் பந்தய மேப்தான், என்னை இந்த மேப் வரைகிற வேலையில் இழுத்துவிட்டது. அதில் வெள்ளையாக இருப்பது வெட்டவெளி என்று நான் அடித்துப் பேச, நீ சிரித்தாயே! தடங்கலில்லாமல் ஓடக்கூடிய காடுதான் வெள்ளை, வெட்டவெளி மஞ்சள், பச்சை அடர அடர நுழைய முடியாத புதர். சரி, நம்ம ஊருக்கும் ஒன்று வரைவோம் என்று அரியமான் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொண்டேன். சென்டிமீட்டருக்கு 100 மீட்டர்.

தனி மரத்துக்குப் பச்சை வட்டம் என்று படித்துவிட்டு, கண்ணில் பட்ட பனைக்கெல்லாம் வட்டம் போட்டேன். மேப்புக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. பனங்காட்டில் ஓடுகிறவனுக்குப் பனையா அடையாளம்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு இடிவிழுந்த மொட்டைப் பனையையும் ஆலமரத்தையும் மட்டும் வைத்தேன். சீமைக்கருவைக்குக் கரும்பச்சை. அதற்குள் ஆடு போகிற தடம் மட்டும் கருப்பில், விட்டுவிட்டு ஒரு கோடு. அந்தத் தடம் தெரிந்தால்தான் அங்கே பிழைக்கலாம். என் முழங்கால் சாட்சி.

மேடுபள்ளம்தான் பெரிய தொல்லை. உங்கள் காட்டில் 5 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு. அப்படிப் போட்டால் நம்ம ஊரில் கோடே விழாது. பாதியாக, இரண்டரை மீட்டருக்கு ஒன்று வைத்த பிறகுதான் மணல்மேடுகளுக்கு உருவம் வந்தது. காற்றடிக்கிற பக்கம் சாய்வாக ஏறி மறுபக்கம் சடாரென்று இறங்குகின்றன. சின்ன வயதிலிருந்து சறுக்கி விளையாடிய மேடுகள், வரையும்போதுதான் கவனித்தேன்.

அப்புறம் கிணற்றுக் கதை. தூரத்தைக் காலால்தான் அளந்தேன், வலது கால் ஊன்றுவதை மட்டும் எண்ணி. தார்ரோட்டில் 100 மீட்டருக்கு எனக்கு 64 வருகிறது. அதே கணக்கில் மணலிலும் எண்ணிக்கொண்டு போய்க் கிணற்றை வரைந்தேன். சாட்டிலைட் படத்தோடு ஒத்துப்பார்த்தால் மேப்பில் 9 மில்லிமீட்டர் தள்ளிக் கிடக்கிறது! மணலில் கால் புதைகிறதே, 100 மீட்டருக்கு 78 ஆகிறது. என்.சி.சி. முகாமில் நாம் வழிதவறி ராத்திரி முழுக்க அலைந்ததற்கும் இதுதான் காரணமோ என்னவோ. அன்றைக்கு நீ காம்பஸைத் திட்டினாய்.

நேற்று உன் மேப்பைத் திரும்ப விரித்தேன். முன்பு தூசி மாதிரி தெரிந்த பழுப்புப் புள்ளியெல்லாம் இப்போது ஆள் ஏறி நின்று பார்த்த குட்டி மேடு. சுற்றிலும் அதைப் போல வேறில்லை என்றுதான் ஒருத்தன் அதை மெனக்கெட்டு வைத்திருக்கிறான். எந்த வழியில் போகலாம் என்பதைவிட, வரைந்தவன் எதை வரையாமல் விட்டிருப்பான் என்றுதான் இப்போது முதலில் யோசிக்கிறேன்.

ஜூனில் வருகிறாய் அல்லவா? என் மேப்பை வைத்துக்கொண்டு நீ ஓடு, நான் ஆலமரத்தடியில் நுங்கோடு உட்கார்ந்திருப்பேன். கிணற்றைத் திருத்திவிட்டேன், நம்பலாம். மணல்மேடுகளுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை, அதற்குள் கச்சான் காற்று அடித்து அவற்றை நகர்த்த ஆரம்பித்திருக்கும். வரும்போது கட்டைவிரலில் மாட்டுகிற காம்பஸ் ஒன்று வாங்கி வா.

உன்
மச்சான்