கல்லறைகள் காப்பாற்றிய தோட்டங்கள்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். உன் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. டாக்டர் சரியென்று சொல்கிறவரை கண்ணை வருத்தாதே. இந்தக் கடிதத்தையும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேள். இங்கே நாங்கள் நலம். மார்ச்சோடு எனக்கு வேலை முடிகிறது.

உங்கள் கடைத்தெரு நடுவில் இருக்கிற சின்னப் பூங்காவைப் பார்க்கிங் ஆக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். "இத்தனூண்டு இடத்துக்கு யார் வந்து சண்டை போடுவார்கள்?" என்றும் கேட்டிருந்தாய். போட்டிருக்கிறார்கள், செல்வா. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இத்தனை வருடம் வேலை பார்த்தது லண்டனின் பழைய நகரப் பகுதியில். சிட்டி என்பார்கள், சுமார் ஒரு சதுர மைல். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நெருக்கியடித்து நிற்கிற அந்த இடத்துக்குள் சிறிதும் பெரிதுமாக 300-க்கும் மேற்பட்ட திறந்தவெளிகள் இருக்கின்றன. சிலவற்றில் நாலு பெஞ்சும் ஒரு மரமும்தான். உலகத்திலேயே விலை அதிகமான மண்ணில் இவை எப்படித் தப்பின? ராஜா கொடுத்த கொடை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். விசாரித்தால், பாதிக் கதை இடுகாட்டுக் கதையாக இருக்கிறது.

1666இல் நகரத்தைத் தின்ற பெருந்தீயில் 87 தேவாலயங்கள் எரிந்தன. கட்டிடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் மேற்பார்வையில் 51 மட்டும் திரும்ப எழுந்தன. மற்றத் தேவாலயங்களின் பங்குகளை, அதாவது அவற்றுக்கு உட்பட்ட வட்டாரங்களை, அக்கம்பக்கத்துப் பங்குகளோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் கோவில் போனாலும் புதைத்த நிலம் போகவில்லை. சீப்சைடும் வுட் தெருவும் சந்திக்கிற மூலையில் ஒரு பெரிய பிளேன் மரம் நிற்கிறது. செயின்ட் பீட்டர் தேவாலயத்து இடுகாடு அது. தெருப்பக்கம் 1687இல் கட்டிய குட்டிக் கடைகள். சுற்றி எல்லாம் மாடி மேல் மாடியாக உயர்ந்துவிட்டது. அந்த மூலை மட்டும் இன்னும் வானத்தைப் பார்க்கிறது.

அப்புறம் கூட்டம் பெருகியது. இடம் போதாமல் ஒருவர்மேல் ஒருவராகப் புதைத்ததில் இடுகாட்டு மண்ணே தெருவைவிட உயர்ந்துவிட்டது. காலரா வேறு. 1852இல் வந்த சட்டம் லண்டன் இடுகாடுகளை மூட வழிசெய்தது. மூடினார்களே தவிர, அடுத்து என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. பூட்டிய கேட்டுக்குப் பின்னால் குப்பை சேர்ந்தது. கட்டிடம் கட்டுகிறவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பிஷப்ஸ்கேட்டில் செயின்ட் பொட்டால்ஃப் தேவாலயம் 1863இல் தன் இடுகாட்டைப் பொதுத் தோட்டமாக்கியது. சிட்டியில் அதுதான் முதல். பிணம் புதைத்த இடத்தில் பூச்செடியா என்று எதிர்ப்புக் கிளம்பாமல் இல்லை. ஏழைகளுக்குத் திறந்தவெளியில் ஒரு வரவேற்பறை வேண்டும் என்று சமூக சீர்திருத்தவாதி ஆக்டேவியா ஹில் வாதாடினார். 1882இல் பிரபு பிரேபஸான் பொதுத் தோட்டங்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அதன் தோட்டங்களை வடிவமைத்தவர் ஃபேனி வில்கின்சன், பிரிட்டனில் இதைத் தொழிலாகச் செய்த முதல் பெண். பெண் என்பதால் குறைவாகக் கேட்பேன் என்று நினைத்து வருகிறார்கள், அப்படி நான் ஒருநாளும் கேட்பதில்லை என்று ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னவர். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1884இல்தான் உண்மையான பாதுகாப்பு கிடைத்தது. மூடிய இடுகாட்டின்மேல், தேவாலயத்தைப் பெரிதாக்குவதற்குத் தவிர, எந்தக் கட்டிடமும் எழுப்பக் கூடாது என்று சட்டம் வந்தது. சரி, எது இடுகாடு, எது வெறும் மனை? அதை யார் சொல்வது? இங்கேதான் இசபெல்லா ஹோம்ஸ் என்ற பெண்மணி வருகிறார். ஜான் ராக் 1740களில் வரைந்த நகர வரைபடத்தையும் புது வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எங்கே ஒரு இடுகாடு காணாமல் போயிருக்கிறதோ அங்கே நேரில் போய்த் தேடினார். லண்டன் முழுக்க அலைந்து ஒவ்வொன்றாகக் குறித்து, 1896இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். இந்த வரலாற்றில் நான் கும்பிடுகிற ஆள் அவர்தான். பிரபுக்கள் நிதி கொடுத்தார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் பட்டியலில் பேர் ஏறாத இடத்தை எந்தச் சட்டம் காப்பாற்றும்?

நான் அதிகம் உட்கார்ந்தது போஸ்ட்மேன்ஸ் பார்க்கில். 1880இல் திறந்த தோட்டம். பக்கத்துத் தலைமைத் தபால் நிலைய ஊழியர்கள் வந்து உட்கார்ந்ததால் அந்தப் பேர். பழைய கல்லறைக் கற்களைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். நடுவில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு தாழ்வாரம். பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட சாதாரண மனிதர்களுக்காக ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ் 1900இல் அமைத்தது. சுவரில் பீங்கான் பலகைகள், இன்றைக்கு 54. ஆலிஸ் ஏயர்ஸ் என்ற பெண்ணுக்கு ஒன்று. கொத்தனாருக்கு எடுபிடி வேலை செய்தவரின் மகள். 1885 ஏப்ரலில் எரிகிற வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டு இறந்தவர். பக்கத்திலேயே நின்று படித்தால்தான் எழுத்து தெரியும். இந்தப் பலகையை வேறு எங்கே வைத்திருந்தாலும் இவ்வளவு பேர் நின்று படித்திருக்க மாட்டார்கள்.

போரின் குண்டுகளும் தோட்டங்களை விட்டுப் போயின. 1940 டிசம்பர் 29 இரவு கிரேஃபிரையர்ஸ் தேவாலயம் எரிந்தது, கோபுரமும் சுவர்களும் மட்டும் மிஞ்சின. உட்கூடம் இருந்த இடத்தில் இப்போது ரோஜாத் தோட்டம். தூண்கள் நின்ற இடங்களில் மரச் சட்டங்களில் கொடி ஏறுகிறது. அதைவிட என்னைத் தொட்டது குயின் விக்டோரியா தெருவில் இருக்கிற கிளியரி தோட்டம். 1940களில் நகரத்தில் வேலை பார்த்த ஜோசப் பிராண்டிஸ் என்பவர், குண்டு விழுந்த இடிபாட்டைத் தோட்டமாக்கத் தானாகவே இறங்கினார். ஆற்றங்கரையிலிருந்து சேறு எடுத்து வந்தார். போதவில்லை என்று வால்தம்ஸ்டோவில் இருந்த தன் வீட்டுத் தோட்டத்து மண்ணையும் சுமந்து வந்து கொட்டினார். 1949இல் அன்றைய ராணியே வந்து பார்த்தார்.

ஒன்று மட்டும் எனக்குக் கவலை. அந்த 1884 சட்டம் மண்ணைக் காத்தது, வெயிலைக் காக்கவில்லை. சுற்றிலும் கோபுரங்கள் உயர உயர, சில தோட்டங்களில் மதியம்கூட நிழல்தான். புல் சரியாகப் பிடிப்பதில்லை. அந்தச் சண்டையை இனி வருகிறவர்கள்தான் போட வேண்டும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ஊர்வலம், மனு எல்லாம் அப்புறம். முதலில் அந்தப் பூங்கா எந்தக் கணக்கில், என்ன பேரில் பதிவாகியிருக்கிறது என்று பார். யாராவது தானமாக எழுதிக் கொடுத்த நிலமா? அப்படியானால் எழுதியவர் என்ன நிபந்தனை போட்டார்? பழைய வரைபடம் இருந்தால் நகல் வாங்கி வை. எத்தனை மரம், எத்தனை பெஞ்சு, எந்த நேரத்தில் யார் வருகிறார்கள் என்று தேதி போட்டு எழுது. கண் சரியாகும் வரை உன் மருமகனை அனுப்பு; அவருக்கு இந்த மாதிரி ஆபீஸ் வேலையில் பொறுமை அதிகம் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

ஹோம்ஸ் அம்மையாரின் புத்தகத்திலிருந்து சில பக்கங்களை நகலெடுத்துத் தனியாகத் தபாலில் அனுப்புகிறேன். பத்திரம் கையில் கிடைத்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, உட்கார்ந்து படிக்க எனக்கு இனி நேரம் இருக்கிறது. குழந்தைக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
ராகவன்