சம்பா கோவிலின் முழு வரலாறும் சொல்லப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரிப் பயணம் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, மிஷன் வீதியிலுள்ள அமலோற்பவ அன்னை பேராலயத்தை, அதாவது ஊரார் சம்பா கோவில் என்றழைக்கும் ஆலயத்தை, அழகிய பிரெஞ்சுக் கட்டடம் என்ற அளவில் சொல்லிவிட்டு நகர்ந்தது எனக்குப் பெரும் மனக்குறையாக இருந்தது. சேலத்திலிருந்து ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழியாக வேன் பிடித்துக் குடும்பத்தோடு புதுவைக்குப் போகிறவர்கள் ஏராளம். முகப்பின் இரட்டைத் தூண்களுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். அந்த ஆலயம் எத்தனை முறை இடிந்து எழுந்தது என்பதை உடன் வரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

இயேசு சபையினர் எழுப்பிய முதல் ஆலயம், 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தபோது அழிந்தது. பின்னாளில் பெரிதாகக் கட்டிய ஆலயமும், 1761-இல் ஆங்கிலேயர் நகரையே தரைமட்டமாக்கியபோது அதனோடு போயிற்று. இன்றுள்ள கட்டடத்தின் வேலை 1770-இல் தொடங்கியது. இடையில், 1773-இல், இயேசு சபையே கலைக்கப்பட்டுவிட, பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் பொறுப்பேற்று முடித்து, 1791-இல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. 1930-இல் உருவான நம் சேலம் மறைமாவட்டத்தின் முதல் ஆயர் புருனியேவும் அதே சபையைச் சேர்ந்தவர் என்பதால், இது நமக்கு அயலூர்க் கதையுமன்று.

கட்டட வரலாற்றைவிட முக்கியமாக நான் கருதுவது, பிரெஞ்சுக்காரர்களின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருப்பவற்றை. இன்றைய கட்டடத்துக்கு முந்தைய ஆலயத்தின் உள்ளே, ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து நிறுத்த ஒரு சுவர் இருந்ததையும், 1745-இல் அதை எடுத்தபோது மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் ஆட்சியில், 1748-இல் இடிக்கப்பட்டதையும் அவர் விவரித்திருக்கிறார். கிறிஸ்தவனான எனக்கு இவற்றைப் படிக்கையில் நெஞ்சு வலிக்கிறது. ஆயினும் வலிக்கும் என்பதற்காக மறைப்பது நேர்மையாகாது. சென்ற முறை நான் போயிருந்தபோது, நடுக்கூடத்தில் முழந்தாளிட்டுச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் பக்கத்தில், எந்த ஊர், என்ன சாதி என்று எவரும் கேட்காமலே ஒரு பள்ளிக் கூட்டம் வந்து அமர்ந்தது. ஒரு காலத்தில் இங்கே சுவர் இருந்தது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருந்தால், அப்படி உட்கார்வதன் அருமை அவர்களுக்கு விளங்கியிருக்கும்.

ஆகவே, இந்த ஆலயத்தின் வரலாற்றைப் பெருமையும் குறையும் சேர்த்து விரிவான கட்டுரையாகத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன். திருப்பயணம் ஏற்பாடு செய்யும் நம் பங்கு இளைஞர் குழுக்களும், விழுப்புரம் தாண்டியதும் பாட்டை நிறுத்திவிட்டு, அதை வேனிலேயே உரக்கப் படித்துக் காட்டலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அரிசிப்பாளையம், சேலம்.