ரோஸ்மேரிக்குச் சுவர் ஓரம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் தோட்டப் பக்கத்தில் ரோஸ்மேரி வளர்ப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருப்பதை அப்படியே விட மனம் வரவில்லை. இந்தச் செடி காய்ந்து சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம்.

தலைமுடிக்கு நல்லது என்ற பேச்சு பரவியதிலிருந்து நர்சரிகளில் ரோஸ்மேரி நன்றாக விற்கிறது. வாங்கிப் போகிறவர்கள் காலையும் மாலையும் ஊற்றுகிறார்கள். இலை நுனி பழுத்தால், தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றுகிறார்கள். போதாததற்கு, நர்சரிக்காரர்கள் போடும் தென்னைநார்த் தூள் வேறு ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. நடும்போது அதைக் கொஞ்சம் உதிர்த்துவிடுவது நல்லது.

மத்தியதரைக் கடலோரப் பாறைச் சரிவுகளில் பிறந்த செடி இது. அங்கே பெய்கிற மழை கல்லிடுக்கில் ஓடி மறைந்துவிடும். எங்கள் கோத்தகிரியிலோ ஐப்பசி, கார்த்திகையில் மண் ஊறிக்கொண்டே கிடக்கும். அதனால்தான் படரும் ரகத்தை வையுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். நிமிர்ந்து வளரும் ரகம் வயலுக்குச் சரி. படரும் ரகம் பெரும்பாலும் இரண்டடி உயரத்தைத் தாண்டாது, கிளைகள் வளைந்து கீழே தொங்கும். மலையில் மண் சரியாமலிருக்க வீட்டுக்கு வீடு கல் தடுப்புச் சுவர் இருக்கிறதே, அதன் மேல் விளிம்புதான் இதற்கு ஏற்ற இடம். எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும், வெயிலும் முழுதாகக் கிடைக்கும். மண்ணோடு பாதிக்குப் பாதி மணலும் சிறு ஜல்லியும் கலந்துகொள்ளுங்கள். எங்கள் மண் புளிப்பு மண் என்பதால் அதைக் குறைக்க ஒரு கைப்பிடி டோலமைட்டும் (சுண்ணாம்பு வகைக் கல்தூள்) போடலாம். உரம் அதிகம் வேண்டாம், செடி கொழுக்கும், மணம் குறையும்.

பூக்கும் காலத்தில் ஒரு கிளையை உற்றுப் பாருங்கள். வெளிர் நீலப் பூவிலிருந்து இரண்டு மகரந்தக் காம்புகள் வில்லாக வளைந்து நிற்கும். தேனீ உள்ளே தலையை நுழைத்ததும் அவை அதன் முதுகில் மகரந்தத்தைத் தடவிவிடும். சுவர் முழுக்கப் பூத்திருக்கும்போது இதைப் பார்க்க அத்தனை அழகு!

புதுச் செடிக்கு நர்சரிக்கே போக வேண்டியதில்லை. மண்ணைத் தொட்டுக் கிடக்கும் கிளை தானாகவே வேர்விடும், அதை வெட்டி நட்டால் போதும். கத்தரிக்கும்போது மட்டும் பச்சை இலை உள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இலையற்ற பழைய கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது.

சென்னை போன்ற ஊர்களில் இருப்பவர்கள் மண்தொட்டியில் வைத்து, கோடையில் மதிய வெயில் படாமல் பார்த்துக்கொள்ளலாம். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தொட்டிக்கு அடியில் தட்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

மலைக்கும் சமவெளிக்கும் தனித்தனிக் குறிப்புகளோடு இன்னொரு கட்டுரை வெளியிடுங்கள். படரும் ரகமா, நிமிரும் ரகமா என்று நர்சரிக்காரர்கள் ஒரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துக்கொண்டால் வாங்குகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி