ஹேலோ பக்கத்து வீட்டுக்கும் வருகிறது

பெஸ்தாரி ஜெயா,
12 நவம்பர் 2025

அன்புள்ள முரளி,

நலமா? இங்கே மூன்று நாளாக விடாத மழை. செம்பனைக் குலை ஏற்ற வந்த லாரி நேற்று தோட்டத்து மண் சாலையில் புதைந்து, டிராக்டர் கட்டித்தான் இழுத்தார்கள். அம்மா உன்னை விசாரித்தார். தீபாவளி முறுக்கில் ஒரு டின் உனக்காக எடுத்து வைத்திருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நாள் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பெட்டியில் ஓடிய நம் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் ஹேலோ, போட்டிக்காரன் சோனியின் பிளேஸ்டேஷனுக்கும் வருகிறது, கேள்விப்பட்டாயா? 2001இல் எக்ஸ்பாக்ஸோடு சேர்ந்தே பிறந்த முதல் ஆட்டத்தின் கதையைப் புதிதாகச் செய்து, 2026இல் பிளேஸ்டேஷன் 5க்கும் விடுவதாகப் போன மாதம் அறிவித்தார்கள். படித்ததும் உன் ஞாபகம்தான்.

லயத்தில் உன் வீட்டில் மட்டும்தான் எக்ஸ்பாக்ஸ். உன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து தூக்கி வந்த அந்தக் கனத்த கறுப்புப் பெட்டி. 21 அங்குல டிவியை நான்காகப் பிரித்து, ஆளுக்கொரு மூலையில் ஹேலோ 2 ஆடுவோம். நான் உன் மூலையை எட்டிப் பார்த்தே நீ ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். அது தெரிந்ததும் நீ சுவரில் முகத்தை ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்பாய். உன் மூலை முழுக்க வெறும் சாம்பல் நிறம்தான் தெரியும்!

மற்ற வீடுகளில் எல்லாம் பிளேஸ்டேஷன் 2. ஹேலோ ஆட வேண்டுமென்றால் உன் வீட்டுக்குத்தான் வரவேண்டும். அன்றைக்கு அது நமக்குப் பெருமை. ஹேலோ பின்னால் தளர்ந்ததற்கும் அப்படி ஒரே பெட்டியில் அடைபட்டதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

2007 செப்டம்பரில் ஹேலோ 3 வந்தபோது அமெரிக்காவில் மட்டும் முதல் நாள் விற்பனை 17 கோடி டாலர். இரண்டே மாதத்தில் போட்டிக்கு இன்னொரு துப்பாக்கி ஆட்டம், கால் ஆஃப் டூட்டி 4 வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3, கணினி என்று யார் வீட்டில் எது இருந்தாலும் அது ஓடியது. ஹேலோவில் எல்லாரும் ஒரே துப்பாக்கியோடு தொடங்குவோம், மற்றதெல்லாம் கைத்திறன். கால் ஆஃப் டூட்டியில் தோற்றவனுக்கும் புள்ளி ஏறும், புதுத் துப்பாக்கி திறக்கும். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடுகிறவன் அந்தப் பக்கம் போனதை நான் குறை சொல்லமாட்டேன்.

2012ஐ எடுத்துக்கொள். நவம்பர் 6இல் வந்த ஹேலோ 4 முதல் நாளில் 22 கோடி டாலர் வசூலித்தது, அந்தத் தொடரில் அதுவரை இல்லாத தொகை. சரியாக ஒரு வாரம் கழித்து கால் ஆஃப் டூட்டி வரிசையின் பிளாக் ஆப்ஸ் 2 வந்து முதல் நாளே 50 கோடி அள்ளியது. ஹேலோ சுருங்கவில்லை முரளி. பக்கத்தில் இருந்தவன் வளர்ந்துவிட்டான்.

எனக்கு வருத்தம் வேறு. அவனைப் பார்த்துப் பார்த்து ஹேலோ தன் ருசியை மாற்றிக்கொண்டது. ஹேலோ 4இல் ஆளுக்கொரு ஆயுதத் தொகுப்பு வந்தது. 2015இல் ஹேலோ 5 வந்தபோது திரையைப் பிரித்து ஆடும் வசதியையே எடுத்துவிட்டார்கள். நம்மை வளர்த்ததே அந்த நாலு மூலைதானே? 2021இல் ஹேலோ இன்ஃபினிட்டின் போட்டி ஆட்டத்தை இலவசமாக விட்டபோது கூட்டம் திரும்பி வந்தது. ஆட்டமும் அருமை. ஆனால் புதுச் சரக்கோடு இரண்டாவது சீசன் வர மறு ஆண்டு மே ஆகிவிட்டது. ஃபோர்ட்நைட் மாதிரி இலவச ஆட்டம் ஓயாமல் புதுசு புதுசாகக் கொடுக்கிற காலத்தில் ஆறு மாதம் யார் காத்திருப்பார்கள்?

போன வாரம் அக்கா மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து இன்ஃபினிட் ஆடினேன். நன்றாகத்தான் சுட்டான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கைபேசி துடித்தது. கூட்டாளிகள் நாலு பேர் மொபைல் லெஜண்ட்ஸ் என்கிற கைபேசி ஆட்டத்தில் இவனுக்காகக் காத்திருக்கிறார்கள். "மாமா, அவங்க கூப்பிடறாங்க" என்று கன்ட்ரோலரை மெதுவாக என் மடியில் வைத்துவிட்டுப் போனான். நாமும் அப்படித்தானே, ஆள் இருந்த இடத்துக்குப் போனோம்.

புது ஆட்டத்தில் மற்றவரோடு மோதும் போட்டி கிடையாதாம், கதை மட்டும்தான். ஆனால் இரண்டு பேர் ஒரே டிவியில் திரையைப் பிரித்து ஆடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது எனக்குப் போதும். உன் பிள்ளைகளிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறதல்லவா? வந்ததும் வாங்கு, நான் ஜொகூருக்கு பஸ் ஏறி வருகிறேன்.

அதற்கு முன் பொங்கலுக்கு நீ இங்கே வா. அண்ணனுடைய பழைய பெட்டி இன்னும் இருந்தால், மறக்காமல் வயரோடு எடுத்து வா.

அன்புடன்,
குமார்