டோரதிக்கு ஒரு வரி

அன்புள்ள சாமுவேல்,

சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் நாலு பக்கம் திட்டி எழுது, அதையாவது படிக்கிறேன். வீட்டில் எல்லாரும் நலம். பெரியவளுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. சித்தப்பா இப்போது வடக்குத் தெருக்காரர்களோடு வாய்க்கால் தகராறில் இருக்கிறார்.

வில்லியம் பிராட்ஃபோர்டைப் படித்து முடித்தேன். மேஃபிளவர் கப்பலில் அமெரிக்காவுக்குக் குடியேறப் போன ஆங்கிலேயர்களில் ஒருவர். மேஃபிளவர் என்றதும் உனக்கு அமெரிக்கர்களின் நன்றியறிதல் நாள் வான்கோழி விருந்துதான் ஞாபகம் வரும். அதை விடு. யார்க்‌ஷயர் கிராமத்துப் பையன். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இல்லை. இங்கிலாந்து ராஜாவின் திருச்சபையில் இருக்க மாட்டோம் என்று பிரிந்தவர்களோடு சேர்ந்து ஹாலந்துக்குப் போய், லைடனில் நெசவு நெய்து பிழைத்தவர். 1620-இல் கப்பலேறினார். மறு வருஷமே, அவர்கள் அங்கே அமைத்த பிளிமத் குடியேற்றத்துக்கு கவர்னர். அதற்கப்புறம் சாகும்வரை, நடுவில் சில வருஷம் தவிர, அந்தப் பாரம் அவர் தலையில்தான். 1630-இல் தொடங்கி இருபது வருஷம் அவ்வப்போது அந்தக் குடியேற்றத்தின் கதையை எழுதினார்.

முதல் குளிர்காலத்தை எழுதியிருக்கிறார் பார், எனக்குத் தொண்டை அடைத்தது. வந்த 102 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் செத்துப்போனார்கள். நடமாட முடிந்தவர்கள் ஆறேழு பேர். அவர்கள் விறகு சுமந்து, அடுப்பு மூட்டி, படுக்கை விரித்து, நோயாளிகளின் அசிங்கமான துணிகளை அலசிப் போட்டார்கள், முகம் சுளிக்காமல். அவர்களில் இரண்டு பேரின் பெயரைச் சொல்லி, நானும் படுத்துக்கிடந்தேன், அவர்களுக்குக் கடன்பட்டவன் என்கிறார்.

இத்தனையும் எழுதிய மனிதர் தன் மனைவியை எழுதவில்லை. கரையில் இடம் தேடிப் படகில் இவர் போயிருந்த நேரம், நங்கூரம் போட்டிருந்த கப்பலிலிருந்து விழுந்து டோரதி மூழ்கிப்போனாள். மகனை ஹாலந்திலேயே விட்டுவிட்டு வந்தவள். புத்தகக் கடைசியில், கப்பலில் வந்தவர்களின் பட்டியலில், வந்த கொஞ்ச நாளில் மனைவி இறந்தாள் என்று ஒரே வரி. அவளே குதித்துவிட்டாள் என்று ஒரு பேச்சு உண்டு. அது 1869-இல் ஒரு பத்திரிகைக் கதை கிளப்பிவிட்டது, நம்பாதே. அன்பில்லாததால் எழுதவில்லை என்றும் என்னால் நினைக்க முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடியிருக்காது.

சாமு, எஸ்தர் போனபிறகு நீ எனக்கு மூன்று கடிதம் போட்டாய். மூன்றிலும் மழை, பென்ஷன், உன் முழங்கால். நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

சரி, எனக்கு ஆறாத விஷயம் வேறொன்று. 1637-இல் மிஸ்டிக் என்ற இடத்தில், அந்த மண்ணின் பூர்வகுடிகளான பீக்வாட் மக்களின் கோட்டைக்குள் ஆங்கிலேயர்கள் தீ வைத்தார்கள். ஆண், பெண், பிள்ளை பார்க்கவில்லை. வெளியே ஓடி வந்தவர்களை வெட்டினார்கள். பிராட்ஃபோர்டு அங்கே இல்லை. கேட்டறிந்து எழுதுகிறார்: செத்தவர்கள் ஏறக்குறைய 400 பேர், நெருப்பில் அவர்கள் வெந்த காட்சி பயங்கரம், நாற்றம் தாங்கவில்லை. அதற்கு அடுத்தபடியே, அந்த வெற்றி இனிய பலியாகத் தோன்றியது, தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்தினார்கள் என்கிறார். அழுக்குத் துணி துவைத்தவர்களைக் கண்ணீரோடு நினைத்த அதே கை! கப்பலில் வந்தவர்களுக்கு அடுத்த வசந்தத்தில் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்த டிஸ்குவாண்டமும் அந்த மண்ணின் மனிதன்தானே? அவனை, நாங்கள் எதிர்பார்த்ததற்கும் மேலாகத் தேவன் அனுப்பிய கருவி என்று இவரே எழுதியிருக்கிறார்.

காலம் அப்படி என்று நீ சொல்வாய். எனக்குப் போதவில்லை. வெந்த நாற்றம் அவருக்கு எட்டியிருக்கிறது, எழுதியும் வைத்திருக்கிறார். எட்டியபிறகும் அதைப் பலி என்று எப்படிச் சொல்ல முடிந்தது? உங்கள் அப்பா நாற்பது வருஷம் பிரசங்க பீடத்தில் நின்றவர். பழைய ஏற்பாட்டில் இப்படிப்பட்ட இடங்கள் வரும்போது சபையாரிடம் என்ன சொல்வார்? உனக்கு ஞாபகம் இருக்கும், எழுது.

புத்தகத்தை உன் மருமகன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மெனக்கெட்டு முழுதும் படிக்க வேண்டாம்; அந்த முதல் குளிர்காலத்தையும் 1637-ஐயும் படி. முழங்காலுக்கு அந்த நாட்டு வைத்தியனிடம் மறுபடி போகாதே.

உன்,
சிவசு